பக்கத்தின் அடியில் ஒரு சொல்

முன்பாதி என்னிடம்.
பின்பாதி மீராசா அண்ணாச்சியிடம்.
ஒரே புத்தகத்தை முதுகோடு பிளந்து
இரண்டு பேருக்கு இரண்டு விலைக்கு விற்றவன்
பேட்டை பழைய பேப்பர் கடை துரைப்பழம்.
கேட்டால்,
"கறிக்கடைக்காரன் ஆட்ட முழுசாவா விக்கான்?" என்பான்.

மாட்டு வைத்திய நூல்.
முகப்பு ஏடு இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை.
பக்க எண்களை எந்தக் காலத்திலோ
பைண்டர் கத்தி அரிந்துவிட்டது.
எழுத்தைப் பார்த்துத்தான் வயது சொல்லவேண்டும்:
புள்ளி விழாத மெய்கள்,
தும்பிக்கை தூக்கிய லையும் ணையும்,
குறிலா நெடிலா என்று கடைசிவரை
வாய் திறக்காத எகரம்.
நோயெல்லாம் என் பக்கங்களில்.
மருந்தெல்லாம் அவர் பக்கங்களில்.

பதினோரு வருஷம்.
தச்சநல்லூரில் நான் மின்வாரியக் கணக்கு எழுத,
மேலப்பாளையத்தில் அவர் டிராக்டர் உதிரிபாகம் விற்க,
பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும்,
பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும்.
தருகிற எண்ணம் உண்டா என்ற கேள்வியும்
கூடவே வரும், கூடவே போகும்.
வெறும் கிண்ணம் திருப்பக்கூடாதென்று
சர்க்கரை போட்டு அனுப்புவேன்.
பதில் போட்டதில்லை.

போன ஆனியில் அவரே கூப்பிட்டார்.
"விக்க வேண்டாம், வாங்க வேண்டாம்.
ஒரு தரம் சேத்து வச்சுப் பாத்துருவோம்."
பொது இடமாக இருக்கட்டும் என்றேன்.
பாளையங்கோட்டையில் வங்கி லாக்கர் அறை,
இரும்பு மேஜை, பதினைந்து நிமிஷம்.
நான் எக்ஸ்ரே கவரில் கொண்டுபோனேன்.
அவர் குழந்தைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

வைத்தோம்.
நூல் பிரிந்த இடத்தில் நூல் சேர்ந்தது,
கறை சேர்ந்தது,
பூச்சி மட்டும் சேரவில்லை.
எனக்குள் நுழைந்து சாய்ந்து சாய்ந்து இறங்கி
கோமாரியின் மாவைத் தின்று வெளியேறிய துளை
அவர் முதல் பக்கத்தில்
அரை அரிசி தள்ளித் திறந்திருந்தது.
குண்டூசி விட்டுப் பார்த்தார். போகவில்லை.

பிறகு அடியைப் பார்த்தார்.
அடுத்த பக்கம் எந்தச் சொல்லில் தொடங்கும் என்று
அந்தக் காலத்து அச்சுக்காரன்
அடி ஓரத்தில் கோத்துவைப்பான்.
என் கடைசி வரி:
இக்குறி கண்ட மாடு பிழையாது.
அதன் கீழே, தனியாக, புள்ளியின்றி:
ஆனாலும
அவர் முதல் பக்கமோ
மிளகு என்று தொடங்குகிறது.

"நடுவுல ஒரு ஏடு இல்ல" என்றார்.
"பொட்டலம் கட்டியிருப்பான் துரைப்பழம்."
சொன்னது என்னிடம்.
பார்த்தது என் கைப்பையை.
"இருக்கும்" என்றேன்.
மேனேஜர் கதவைத் தட்டினாள்.

கீழே சாலையோரம் பன்னீர் சோடா வாங்கித் தந்தார்.
"எவன்ட்ட இருந்தாலும்
ஒத்தத் தாள வச்சு அவன் என்ன செய்வான்?
ஒரு மண்ணும் விளங்காது."
கோலியை நாக்கால் தள்ளிக் குடித்துக்கொண்டிருந்தேன்.
பேசமுடியாதது நல்லதாய்ப் போயிற்று.

புத்தகம் வாங்கிய மூன்றாம் வாரம்
துரைப்பழம் அதைத் தனியே கொண்டுவந்தான்.
"ஒங்களுக்கு மட்டுந்தான்க்கா", ஐந்நூறு ரூபாய்.
பி.எஃப். காகிதங்களுக்கு நடுவில்
வசம்புத் துண்டோடு இருக்கிறது.
அன்று ராத்திரி எடுத்து அளந்தேன்.
அரை அரிசி. சரியாக.
முழுதும் படித்தது அந்தப் பூச்சி ஒன்றுதான்.
ஆனாலும் என்பதற்குப் பின் பதினெட்டு வரி.
மாடு என்னவாகிறது என்று
இங்கேயும் சொல்ல உத்தேசம் இல்லை.

நேற்று பெருநாள்.
வட்டிலப்பம் வந்தது.
கிண்ணத்தின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது,
பென்சிலில், ஓரமாக, ஒரே சொல்.
கடைசி மெய்க்கு
அவர் புள்ளி வைக்கவில்லை.

கிண்ணத்தைக் கழுவிவிட்டேன்.
சர்க்கரையும் போட்டாயிற்று.
இன்னும் அனுப்பவில்லை.